நூற்றிருபது டிகிரியில் ஒரு கணவர்

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுபவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது பதினோரு டிகிரி கிழக்கே சாய்ந்தார். அதன் பிறகு நிமிரவில்லை. கீழேயும் விழவில்லை. மகள் சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு போன பேருந்து நிலையம் அந்தத் திசையில்தான் இருந்தது என்பதால் தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. அவர் எழுதிய எழுத்துகளும் கிழக்கே சாய்ந்தன. கடைக்காரர்கள் அதைப் புதுப் பாணி என்று நினைத்து, கூடுதலாக இரண்டு பலகை கேட்டார்கள்.

அவர் மனைவிக்குத்தான் வயிறெரிந்தது. சாப்பாடு போட்டால் கிழக்கே பார்த்துச் சாப்பிட்டார், பேசினால் கிழக்கே பார்த்துத் தலையாட்டினார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் சுவரோடு சுவராகிப் போனாள். விஷயம் அவளுக்குப் புரியாமலும் இல்லை. பீப் ஒலி எழுப்பும் கருவிகளுக்கான பீங்கான் வில்லைகள் செய்யும் தொழிற்சாலையில், வில்லைகளைச் சூடாக்கி ஆறவைக்கும் எண்ணெய்த் தொட்டிப் பிரிவில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. வில்லைக்குள் கண்ணுக்குத் தெரியாத கூண்டுகள் கோடிக்கணக்கில் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் அணு நடுங்கிக்கொண்டிருக்கும். சூடு ஆற ஆற அந்த நடுக்கம் சோம்பிப்போகும். நூற்றிருபது டிகிரியில் அடியோடு நின்று, அணு நடுவை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கிக்கொள்ளும். மகள் போனதிலிருந்து கணவரின் கை நடுக்கம் நாளுக்கு நாள் நிதானமாகி வந்ததை அவள் பார்த்திருந்தாள். எழுத்து அழகாகிறதே என்று சந்தோஷப்பட்ட தன் முட்டாள்தனத்தை நினைத்து இப்போது தலையில் அடித்துக்கொண்டாள்.

மருந்தும் அவளுக்குத் தெரியும். மறுபடி சூடாக்கினால் அணு நடுவுக்குத் திரும்பும். பிறகு வேண்டிய திசையில் மின்சாரத்தைப் பிடித்துக்கொண்டே ஆறவிட வேண்டும். பாதியில் விட்டால் வில்லையின் ஒவ்வொரு பகுதியும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லாமல் போகும். மின்சாரம் கொடுத்தாலும் சத்தம் வராது. அதை ஊமை என்று ஓரமாகப் போடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலையின் சூடேற்றும் காயில்களைச் சொல்லாமல் கொண்டுவந்து, முன்னறையை நூற்று முப்பதுக்கு ஏற்றினாள். பிளாஸ்டிக் வாளி இளகி உட்கார்ந்துவிட்டது. காலண்டர் கருகியது. அவர் வியர்த்து, நடுங்கி, மெல்ல நிமிர்ந்தார்.

"என்னடி இது, இப்படிப் புழுங்குது?"

அவளைப் பார்த்தே கேட்டார். சாய்ந்த பிறகு அதுதான் முதல் முறை. அவள் சூட்டைக் குறைத்துவிட்டு மேற்கே போய் நின்று, மின்சாரத்துக்குப் பதிலாகத் தன் குரலையே பிடித்தாள். "ஏங்க, இங்க பாருங்க. ஏங்க, என்னைப் பாருங்க."

சூடு நூற்றிருபத்து மூன்றுக்கு இறங்கியபோது வாசற்படியில் வைத்திருந்த போன் அடித்தது. தொட்டியை விட்டு ஒருநாளும் நகராதவள், மகளாக இருக்குமோ என்று பாவி ஓடினாள்.

"அக்கா, காயிலை எடுத்துட்டுப் போனது நீங்களா?" என்றார் தொழிற்சாலை மேற்பார்வையாளர். நாலு நிமிஷம் வாக்குவாதம். திரும்பி வந்தபோது நூற்றுப் பதினேழு. தலை அவள் கூப்பிட்ட மேற்கே, தோள் கிழக்கே, இடுப்பு வடக்கே, பாதங்கள் தெற்கே. மொத்தத்தில் நேராக நின்றார். கேட்டால் பதில் சொன்னார், வேலைக்குப் போனார், எழுத்தும் நேராகவே வந்தது. எதிலும் அவர் இல்லை. மறுபடி சூடாக்கியிருக்கலாம், ஆனால் காயிலோடு அவள் வேலையும் போனது, தைரியமும் போனது.

ஆறு வருஷம் கழித்து மகள் வந்தாள். "வா" என்றார், தண்ணீர் மீட்டர்க்காரரைக் கூப்பிடும் அதே குரலில். மகள் விசும்பி விசும்பி அழுதாள். மனைவி அன்றே கடைக்குப் போய்ப் புதுக் காயில் வாங்கி வந்து மாட்டினாள்.

"இந்தத் தடவ அவ நின்னு கூப்பிடட்டும். அவ பக்கமே சாஞ்சுக்கோங்க, எனக்கு ஒண்ணும் வேணாம்."

அவர் சுவிட்சிலிருந்து மனைவியின் கையை எடுத்துவிட்டார்.

"வேணாம்மா. இப்பத்தான் எங்கயும் வலிக்கல."

அவள் காயிலைக் கழற்றிப் பரணில் போட்டாள். இப்போது அந்த வீட்டில் மூன்று பேர். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அவருக்கு ஒன்றுதான் என்பதால், சாப்பிடும்போது தாயும் மகளும் இடத்துக்குச் சண்டை போடுவதில்லை.