சிவப்பின் எல்லை

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் லேத் இயந்திரம் ஓட்டும் பிரகாஷை, கணுக்காலுக்குச் சற்று மேலே, இரும்புச் சீவல் ஒன்று கீறியது. காயம் நகத்தளவே இருந்தது. மூன்றாம் நாள் அதைச் சுற்றித் தோல் சிவந்து சுட்டது. மனைவி சங்கமித்ரா அவனை ஜோகுபாளையத்தில் டாக்டர் மௌரீனிடம் அழைத்துச் சென்றாள்.

சிவப்பே நோயன்று என்று டாக்டர் விளக்கினார். தோலில் காவலிருக்கும் அணுக்கள் பாக்டீரியாவை அறிந்ததும் இரத்தத்திலிருந்து வேறு அணுக்களை அழைக்கின்றன. வந்தவை கிருமிகளை விழுங்கி அங்கேயே மடிகின்றன. சிவப்பும் சூடும் வீக்கமும் அவற்றின் வருகையால் உண்டாவன. பிரகாஷுக்குப் பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். அவனுடைய அணுக்கள் தாமதமாக வரும், வந்தாலும் சரிவரக் கொல்லா. ஆகவே மாத்திரை எழுதித் தந்தார். பிறகு சிவப்பின் விளிம்பை ஒட்டித் தோலில் பேனாவால் ஒரு கோடு வரைந்தார். சிவப்பு அதைத் தாண்டினால், ஒரு மணி நேரமும் காத்திராமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

மறுநாள் குளித்ததும் கோடு பாதி அழிந்திருந்தது. டாக்டர் போட்டதை அழியவிடக் கூடாது என்று சங்கமித்ரா கருதினாள். பிரகாஷ் நாற்காலியில் காலை நீட்டிக்கொள்ள, சிவப்பின் விளிம்பைப் பிசகாமல் பின்பற்றி வரைந்தாள். அடுத்த நாளும் அவ்வாறே செய்தாள். சிவப்பு கோட்டுக்குள்ளேயே இருந்தது. இருவரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

அதற்கு மறுநாள் அவனுக்குக் குளிர்காய்ச்சல் கண்டு, பேச்சுக் குழறியது. மௌரீன் பார்த்தபோது, கணுக்காலருகே இருக்க வேண்டிய கோடு முழங்காலருகே இருந்தது.

"இது நான் போட்ட கோடு இல்லையே, சங்கமித்ரா."

"அது அழிஞ்சுபோச்சு மேடம். ரெண்டு நாளும் குளிச்சப்புறம் நான்தான் போட்டுவிட்டேன். செவப்பு ஒரு வாட்டிகூட தாண்டலை."

டாக்டர் ஆம்புலன்சை அழைத்தார்.

உயிர் தங்கியது. காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

வார்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் மாத்திரை கேட்கவில்லை என்றே பிரகாஷ் சொல்லிவந்தான். அவர்கள் போன ஒரு பிற்பகலில் சங்கமித்ரா, தன் கையாலேயே கோட்டைச் சிவப்போடு மேலே நகர்த்திவிட்டதை, எதையும் விடாமல், வரிசையாகச் சொன்னாள்.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும், மித்ரா. நானும் பாத்துக்கினுதானே இருந்தேன். 'நம்ம கம்பெனில இரும்புல கோடு போடுற மார்க்கிங் மாதிரியே கரெக்டா போடுறே'ன்னு சொன்னதே நான்தான்."

அவள் அதை மறந்தே போயிருந்தாள். இப்போது நினைவுக்கு வந்தது. வந்ததால் எதுவும் லேசாகவில்லை.