நேரம் எழுதாத கட்டம்

1

இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்திலிருந்து வந்தது. 1907இல், இங்கிலாந்தில், ஃபென்ஹோ காவல் நிலையத்தில் நான் குமாஸ்தா. சார்ஜன்ட் டில்புரூக்கின் நாட்குறிப்பைப் படியெடுத்து மேலிடத்துக்கு அனுப்புவது என் வேலை. ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, ‘சந்தித்த நேரம்’ என்ற கட்டத்தை அவர் எழுதாமல் விட்டிருந்தார்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கோதுமை வயல்களின் மேல் பொன்வெயில்...” வேண்டாம். அன்று ஒருத்தி செத்தாள். வெயில் கிடக்கட்டும்.

2

அன்று காலை சார்ஜன்ட் ஊர் ஊராக விற்கும் வியாபாரி ஒருவனின் உரிமச் சீட்டைச் சோதித்தார். பன்றிக் காய்ச்சல் கண்ட பட்டியில் அறிவிப்பு ஒட்டினார். பிறகு ஒரு பண்ணையில் ஆடுகளை மருந்துத் தண்ணீரில் முக்குவதைப் பார்க்கப் போனார். கடைசி ஆடு நனையும்வரை போலீஸ் அங்கே நிற்க வேண்டும். பதினொரு மணிக்கோ நாற்சந்தி எல்ம் மரத்தடியில் கான்ஸ்டபிள் பாஸ்க்கைச் சந்திக்க வேண்டும். சார்ஜன்ட் வரும்வரை பாஸ்க் அந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது.

(பண்ணையில் அவர் பீர் குடித்தாரா? முதல் வடிவத்தில் குடிக்க வைத்தேன். வெறுப்பதற்கு வசதியாக இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன். நேரமானதற்குக் காரணம் ஆடுகள் அதிகம் என்பதுதான்.)

3

பதினொன்றேகாலுக்கு கெசையா லம்மிஸ் தலைவிரிகோலமாக ஓடி வந்தாள்.

“பாஸ்க்கு! என் தங்கச்சி புருஷன் கதவைச் சாத்திக்கிட்டு அவளை அடிக்கிறான். கொன்னே போடுவான், வாய்யா!”

“சார்ஜன்ட் இப்ப வந்துடுவாரும்மா. வந்ததும் ஓடி வர்றேன்.”

“ஏன், நீ விட்டுட்டு வந்தா மரம் ஓடிப்போயிடுமா?”

“போன மாசம் அவுத்துக்கிட்டு ஓடுன குதிரையைப் பிடிக்கப் போனேன். இடத்துல இல்லேன்னு எழுதி வச்சுட்டாரு. இன்னொரு தடவைன்னா வேலை போயிடும். குடியிருக்கறதும் போலீஸ் வீடு...”

“த்தூ! நீயெல்லாம் ஒரு போலீசு!”

பதினொன்று நாற்பதுக்கு டில்புரூக் சைக்கிளில் வந்தார். விஷயம் கேட்டதும் முகம் வெளுத்து, பாஸ்க்கை அங்கே விரட்டிவிட்டு டாக்டரைத் தேடிப் போனார். பாஸ்க் கதவை உடைத்தபோது தங்கை அடுப்பருகே கிடந்தாள். உடம்பில் சூடு இருந்தது, உயிர் இல்லை.

4

முடிவு ஒன்று: டில்புரூக் 11.40 என்று எழுதுகிறார். சார்ஜன்ட் பட்டை பறிபோகிறது.

முடிவு இரண்டு: பாஸ்க் அவரை மன்னித்து, இருவரும்... இல்லை. பாஸ்க்கை எனக்குத் தெரியும்.

5

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாட்குறிப்பு என் மேசைக்குக் காலிக் கட்டத்தோடு வந்தது.

“நேரம் போடலையே, ஐயா?”

டில்புரூக் தொப்பியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “எப்பவும் போடறதைப் போடு” என்றார்.

எல்லாச் செவ்வாயும் பதினொன்றுதான். நடந்தது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். இருந்தும் பதினொன்று என்று எழுதினேன். அவர் படித்தார், கையெழுத்துப் போட்டார்.

சார்ஜன்டைச் சந்தித்த பிறகும் நாற்பது நிமிடம் மரத்தடியில் சும்மா நின்றதாக பாஸ்க்கை வேலையைவிட்டு நீக்கினார்கள். கெசையாவின் சொல்லைவிட நாட்குறிப்பு பெரிதாயிற்று. பாஸ்க்கின் மனைவி தொட்டிலை வண்டியில் ஏற்றியபோது நான் ஜன்னலில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

இந்தக் கதைக்கு நான் ஒரு முறை முடிவு எழுதியாயிற்று. இரண்டாம் முறை எழுத மாட்டேன். பேனாவை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜன்ட் எதிரில்தான் நிற்கிறார், தொப்பியைத் துடைக்கிறார்.

சந்தித்த நேரம்: ________