கோழி இறக்கை

கோழி வேக ஒன்றரை மணி நேரம் ஆகும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும். ஜிரிசான் மலையடிவாரத்துச் சாப்பாட்டுக்கடைகளில் இது எழுதாத சட்டம். தான் கட்டிக்கொள்ள நினைக்கும் தோசிக்கை அப்பாவின் முன் கொண்டுவந்து நிறுத்தும் படபடப்பில் ஹேவொன் அதை மறந்து தொலைத்தாள்.

கடைக்காரம்மா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "உன் கோழி அதோ மேயுதுடி. இனிமேதான் பிடிக்கணும்."

"அக்கா, கொஞ்சம் சீக்கிரமா..."

"நான் சீக்கிரப்படலாம். கோழி வேகணுமே!"

ஓடையோரப் பலகையில் மூவரும் சம்மணமிட்டார்கள். காலையில் மலையில் பறித்த கீரைகள் வந்தன. அப்பா மான்சொப் ஒவ்வொரு இலையாக மென்றார். ஒருமுறை கல்யாணமாகிப் பிரிந்தவனுக்குப் பெண் கொடுப்பதா இல்லையா என்று இன்று முடிவு சொல்வதாகத்தான் வந்திருந்தார். அவன் பக்கம் முகம் திருப்பவே இல்லை. ஹேவொனுக்கு நெருப்பின்மேல் உட்கார்ந்த மாதிரி இருந்தது. அடுப்படியை எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஐயா, இங்க காத்து நல்லா..." என்று தோசிக் ஆரம்பித்தான்.

"ஏம்மா, மிளகாய் உங்க தோட்டத்துதா?" என்று அப்பா கடைக்காரம்மாவைக் கேட்டார்.

ஒருவழியாகச் சட்டி வந்தது. பெரியவர் முதல் வாய் வைக்கும்வரை யாரும் சாப்பிடக் கூடாது. அப்பா நிதானமாகக் கோழியைப் பிய்த்தார். கால்கள் இரண்டையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஓர் இறக்கையைத் தோசிக்கின் கிண்ணத்தில் போட்டார்.

ஹேவொனுக்கு முகம் வெளுத்தது. கட்டிக்கொள்கிறவனுக்கு இறக்கை கொடுத்தால் இன்னொருத்தியிடம் பறந்துவிடுவான் என்று எந்த வீட்டிலும் கொடுக்கமாட்டார்கள்.

"சாப்பிடு. பழக்கமானதுதானே உனக்கு?" என்றார் அப்பா.

தோசிக்கின் காதுகள் சிவந்தன. பெரியவர் கொடுத்ததை மறுக்க முடியாது. சாப்பிடும் குச்சிகளைக் கையில் எடுத்தான்.

அவளால் பொறுக்க முடியவில்லை. கையாலேயே அந்த இறக்கையைப் பிடுங்கி வாயில் திணித்தாள். நாக்கு பொசுங்கியது. அப்பா இன்னும் ஒரு கரண்டி சூப்கூடக் குடிக்கவில்லை. சட்டியிலிருந்த இன்னொரு இறக்கையையும் தன் கிண்ணத்துக்கு இழுத்துக்கொண்டாள்.

"இனிமே அவருக்குக் கொடுக்க இறக்கை இல்லப்பா."

"அடி ஆத்தீ!" என்று கடைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா கத்துவார் என்று ஹேவொன் காத்திருந்தாள். அவரோ அவள் கிண்ணத்தையே வெகுநேரம் பார்த்தார். தாயில்லாமல் வளர்த்த பெண். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பிறகு ஒரு காலை எடுத்துத் தோசிக்கின் கிண்ணத்தில் வைத்தார்.

"பறக்கப் போறது எம் பொண்ணுதான் போல. பின்னாலயே ஓட உனக்குக் கால் வேணுமே, மாப்ள."