ஆற்றுக்குக் காவல்

கேப்டன் ஹஸ்கின்ஸ் என்னை விலைகொடுத்து வாங்கியவர். அவருடைய ஜார்ஜியா ரெஜிமென்ட் இரண்டு வருஷமாக எங்கெங்கே சண்டை போட்டதோ, அங்கெல்லாம் அவருக்குச் சோளரொட்டி சுட்டுப் போட்டவன் நான், ஏனோக்கு. ராப்பஹானக் ஆற்றங்கரையில் கூடாரமடித்திருந்த அந்தக் குளிர்காலத்தில், திங்கட்கிழமை என்னை ஜார்ஜியாவுக்கே திருப்பி அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார். அவருக்குத் துணி துவைத்த என் மனைவி லவீனியாவோ முன்பே தப்பி அக்கரைக்குப் போய்விட்டாள். அங்கே இருப்பது கேப்டனின் தெற்குப் படையோடு சண்டை போடும் வடக்குப் படை. அங்கே அவள் யாருக்கும் அடிமையில்லை. நான் ஜார்ஜியா போனால் அவளை இந்த ஜென்மத்தில் பார்க்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை முழங்கால் அளவு பனி விழுந்தது. பக்கத்து ரெஜிமென்ட்காரன் எவனோ ஒரு பனி உருண்டையை எறிந்தான். அவ்வளவுதான், நானூறு பேர் கொடி பிடித்து, முரசடித்துக் கிளம்பிவிட்டார்கள். நிஜச் சண்டையில்கூட அத்தனை உற்சாகத்தை நான் பார்த்ததில்லை. கேப்டன் வாளை உருவிக்கொண்டு முன்னால் ஓடினார்; முதல் உருண்டை அவர் மூக்கிலேயே விழுந்தது. எறிந்த மகராசன் நல்லாயிருக்கட்டும்.

நான் வாளியோடு தண்ணீர் மொள்ள ஆற்றுக்கு இறங்கினேன். அங்கே காவலுக்கு நின்ற சிப்பாய் ஆம்ப்ரோஸுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேலே கூச்சல் கேட்கக் கேட்கத் தவித்தான்.

"ஏனோக்கு, கொஞ்ச நேரம் இந்த ஆத்தைப் பாத்துக்கடா. எவனாவது தாண்டுனா கத்து."

"போய்ட்டு வாங்க எசமான். நான் கண்ணை எடுக்க மாட்டேன்."

ஓடியே போய்விட்டான். காவல்காரர்களின் தட்டைப் படகு கரையிலேயே கட்டிக் கிடந்தது. முடிச்சை அவிழ்க்கையில் விரல்கள் விறைத்தன. வாளியையே துடுப்பாக்கிக்கொண்டேன். பாதி ஆற்றில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒருவன் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறான், நான்தான் கத்தவில்லை.

அக்கரைக் காவலாளி என்னைப் பார்த்துத் துப்பாக்கியைத் தாழ்த்தினான். துணி துவைப்பவர்கள் எங்கே என்று கேட்டேன். மரங்களுக்கு அப்பால் கைகாட்டினான். ஓடினேன்.

லவீனியா சோப்பு நுரைக் கையோடு கூடாரத்து வாசலுக்கு வந்தாள். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். உதடு துடித்தது. ஆனாலும் என் பெண்டாட்டியாயிற்றே, விடுவாளா?

"காலைத் தட்டிட்டு உள்ள வா. இது நம்ம வீடு."

அதுவரை நாங்கள் படுத்த இடமெல்லாம் எவனோ ஒருவனுடையது. சந்தோஷம் தாங்காமல் அழுதுகொண்டே, வாசலில் நின்று பனியைத் தட்டினேன்.