மூலைக்குழியில் என் ரத்தம்

எங்கள் ஆய்வகத்துச் சோதனைத் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். கடைசி மூலைக்குழியில் நோயில்லாத ஒருவரின் மாதிரி இருக்க வேண்டும். மற்றவை சரியா என்று அதை வைத்துத்தான் பார்ப்போம். மூன்று வருடமாக அங்கே இருப்பது என் ரத்தம். ஊசியைக் கண்டு ஓடாதவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்தப் பதவி என் தலையில் விழுந்தது.

போன மாதம் புதுச் சோதனை ஒன்று தொடங்கினோம். மைக்ரோ ஆர்என்ஏ என்று ஒன்று உண்டு. ஆள் பொடிசு, அதட்டல் பெரிசு. எந்த மரபணுவாவது அளவுக்கு மீறி ஆடினால் அடக்கி உட்கார வைக்கும். அது பற்றிக்கொள்ளும் இடத்தில், டிஎன்ஏ எழுத்து ஒன்றே ஒன்று பிறவியிலேயே மாறியிருந்தால் பிடி தளரலாம். மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடலாம். கூடுகிறதா என்று பார்க்கத்தான் முந்நூறு நோயாளிகளின் ரத்தத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

முதல் தட்டில் மூலைக்குழி மாறிய எழுத்தைக் காட்டியது. கை தவறி நோயாளியின் மாதிரி கலந்துவிட்டது என்று தட்டைக் குப்பையில் போட்டோம். இரண்டாவது தட்டும் அதே கதிக்கு ஆளானது. மூன்றாவதிலும் அப்படியே வந்தபோது தலைமை ஆய்வாளர் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு தட்டில் இல்லை, அந்த எழுத்து என்னுடையதுதான். நோய் இல்லையென்றால் எழுத்தும் மாறியிருக்காது என்று படித்தவர்கள் ஆறு பேர் நம்பியிருக்கிறோம். வெட்கக்கேடு.

பயந்தேன், அதை மறைப்பானேன்? அம்மா போனதே மார்பகப் புற்றில். பேருந்து ஓட்டும் என் அக்காவுக்கும் நாற்பது வயதில் அதே நோய். ஒரு மார்பை எடுத்த ஏழாவது மாதமே மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

அவளிடம் வாயை விட்டது என் புத்திகெட்டதனம். மறுநாளே அறுவை மருத்துவரிடம் எனக்கு நேரம் வாங்கிவிட்டாள். நோய் வருமுன் இரண்டையும் எடுத்துவிட வேண்டுமாம். இந்த ஓர் எழுத்துக்காக யாரும் கத்தியை எடுப்பதில்லை என்று தலைமை ஆய்வாளர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் வாங்கவே இல்லை. அம்மாவிடமிருந்து தனக்கு வந்ததுதான் எனக்கும் வந்திருக்கிறது என்று அடித்துப் பேசினாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் உடம்பைப் பற்றி முடிவெடுக்க இவள் யார்?

"உன் ரத்தத்தைக் குடு. உனக்கும் இதே எழுத்து இருந்தா நான் ஆபரேஷனுக்கு வந்து படுத்துக்கறேன். இல்லன்னா இந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது."

அறிவுள்ள எவளும் இப்படிப் பந்தயம் கட்ட மாட்டாள். இரண்டு பேரின் ரத்தத்தில் எதுவும் நிரூபணமாகாது. ஆனால் கோபம் வந்தால் படிப்பு எனக்குத் துணைக்கு வருவதில்லை. அக்கா சீருடையோடு வந்து, சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, கையை நீட்டினாள். அவள் மாதிரியை என்னுடையதற்குப் பக்கத்துக் குழியில் வைத்தேன்.

அவளுக்கு எழுத்து மாறவே இல்லை.

ஜெயித்த திமிரோடு பேருந்து பணிமனைக்கு ஓடினேன். அக்கா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே முடிவுக் காகிதத்தை வாங்கிப் படித்தாள்.

"அப்ப எனக்கு ஏன்டி வந்துச்சு?"

அம்மாவிடமிருந்து வந்தது, தன் மேல் குற்றமில்லை என்ற ஆறுதலில்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். அதை நான் பிடுங்கிவிட்டேன். நாங்கள் தேடாத எழுத்துகள் ஆயிரம் இருக்கின்றன. எதுவும் இல்லாமலும் வரலாம். தெரியவில்லை என்று மட்டும் சொல்லி அழுதேன். அவள் அழவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"காரணம் தெரியாமலே அதை வெரட்டினவ நான். கத்தி வேணாம், உன் இஷ்டம். ஆனா ஸ்கேனுக்கு ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறோம். டிமிக்கி குடுத்தே, பஸ்ஸோட வந்து உன் ஆபீஸ் வாசல்ல நிப்பேன்."

மறுநாள் தலைமை ஆய்வாளர், மூலைக்குழிக்கு இனி வேறு ஆள் பார்க்கலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். நோயில்லாத ஆள்தானே வேண்டும், இன்றைக்கு அது நான்தான் என்றேன். மாறாத எழுத்து எப்படி இருக்கும் என்று தட்டில் காட்ட இன்னொரு மாதிரியும் தேவைப்பட்டது. அக்கா ஏற்கெனவே சம்மதித்திருந்தாள். புதுத் தட்டின் மூலையில் என்னை வைத்து, பக்கத்தில் அவளை வைத்தேன்.