பாட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு

ஹயாம் பாடிய பாட்டு ஒரே ஒரு தட்டில் இருந்தது. அலுமினியத்தின் மேல் கறுப்பு அரக்குப் பூசிய தட்டு. கல்யாணத்துக்கு முன், ஹம்ரா தெருவில் ஒரு நிலவறை ஸ்டுடியோவில், அவள் பாடப் பாட நேராக அரக்கில் வெட்டிப் பதித்தது. நகல்கள் அச்சாகவில்லை. இந்த வகைத் தட்டில் ஊசி ஓடும்போதெல்லாம் கொஞ்சம் அரக்கு சுரண்டிக்கொண்டு போகும். இதை ரயீஃபுக்குச் சொன்னது வஜ்தி. ரயீஃப் ஹயாமின் கணவர். வஜ்தி அவளுடைய அண்ணன்.

ஹயாம் இறந்த பிறகு ரயீஃப் தட்டை மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் போட்டார். ஒரு முறை. நகல் எடுக்க யாரையும் விடவில்லை.

"அவ ஒருத்திதான். ரெண்டாவது எதுக்கு?" என்பார்.

சனிக்கிழமைகளில் வஜ்தி வருவார். புர்ஜ் ஹம்மூத் பேட்டையில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடை வைத்திருந்த கெவோர்க்கும் வருவார். காபி, வறுத்த விதைகள். அரசாங்க மின்சாரம் சில மணி நேரம்தான் வரும், மற்ற நேரம் கட்டடத்து ஜெனரேட்டர். ரயீஃப் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஊசியை இறக்குவார். பாட்டு தொடங்குவதற்கு முன் கொஞ்சம் வெற்றிடம் உண்டு. அதில் ஓர் இரைச்சல் எழும்பித் தணியும். மறுபடி எழும்பித் தணியும். ரயீஃப் ஒரு விரலைத் தூக்குவார்.

"கேக்குதா? மூச்சு இழுக்கிறா."

கெவோர்க் தலையாட்டுவார். வஜ்தி விதையைக் கடிப்பார்.

அந்தச் சனிக்கிழமை பாட்டு முடிந்ததும் வஜ்தி சொன்னார்.

"மாப்ள, அது மூச்சில்ல. உன் பெட்டியோட தும்மல்."

பெட்டி என்றது பிரீஆம்ப்பை. ஊசியில் பிறக்கிற துளி மின்சாரத்தைப் பெரிதாக்கும் கருவி. ரயீஃப் மாணவராக இருந்தபோது ஒரு பத்திரிகையைப் பார்த்துக் கட்டியது.

"உனக்குக் கேக்கலைன்னா உன் காது அப்படி," என்றார் ரயீஃப்.

வஜ்தி எழுந்தார். கெவோர்க் கொண்டுவந்திருந்த போலீஸ் பேண்டு வாத்தியத் தட்டை எடுத்துப் போட்டார். இரண்டு இசைக்கு நடுவே உள்ள வெற்றுப் பள்ளத்தில் ஊசியை வைத்து, சத்தத்தைக் கூட்டினார். இரைச்சல் எழும்பியது. தணிந்தது. எழும்பியது.

"இங்கயும் அவதானா? எந்த வாத்தியம் ஊதுறா, மாப்ள?"

கெவோர்க் சிரித்துவிட்டார். பிறகு காபிக் கோப்பையைப் பார்த்தார்.

"இது வேற மாதிரி இருக்கு," என்றார் ரயீஃப்.

"கெவோர்க், போய் லிஃப்ட் பொத்தானை அமுக்கு."

"எதுக்குண்ணே? வேணாமே."

"அமுக்குடா."

கெவோர்க் போனார். கீழே லிஃப்ட் முனகிக் கிளம்பியது. விளக்கு மங்கியது. ஒலிபெருக்கியில் இரைச்சல் ஏறியது. லிஃப்ட் நின்றதும் இறங்கியது.

"பாத்தியா? நாலு மாடி ஏறினா அவளுக்கு இரைக்குது."

ரயீஃப் ஹயாமின் தட்டை எடுத்து உறையில் போட்டார். அவசரத்தில் உறையின் ஓரம் கிழிந்தது.

"கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு பாட்டு பாடினாளா?" என்றார் வஜ்தி. "நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ப் பாட வச்சேன். நீ வாயைப் பூட்டின. இப்ப மூச்சு கேக்குதுன்னு உக்காந்திருக்க."

"நான் பூட்டல. அவளே பாடல."

"ஆமா. எல்லாப் புருஷனும் இதான் சொல்றான்."

ரயீஃப் உறையை அலமாரியில் வைத்தார். பிறகு சொன்னார்.

"ரேடியோ நிலையத்துல இருந்தேன்னு பீத்திக்கிறியே. நீ ஒண்ணு கட்டிக் கொண்டா. சத்தமே இல்லாதது. அதுலயும் அவ மூச்சு இருக்கும்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா அப்புறம் நான் தட்டைத் தொட மாட்டேன்."

வஜ்தி சரி என்றார். அவருக்கு வேண்டியது அதுதான். தங்கையைக் கட்டிக்கொண்டு போனவனிடம் அவளுடையதாக ஒன்றும் மிஞ்சக் கூடாது.

வேலை கோடைக்காலம் பூராவும் இழுத்தது. சந்தையில் பாதி டிரான்சிஸ்டர் போலி. மேலே நல்ல பெயரை அச்சடித்து உள்ளே குப்பையை வைத்திருந்தான் எவனோ. வஜ்தி கெவோர்க்கின் கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். காதில் ஹெட்போன். சீறுவதைத் தரையில் போட்டார்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி தள்ளிவிடுறீங்களேண்ணே," என்றார் கெவோர்க்.

"பொண்ணுன்னா கொஞ்சம் சத்தம் போட்டா பரவால்ல. இது மூச்சு விடக் கூடாது."

தேறியவற்றின் கம்பிக் கால்களை ஒரே அளவில் வெட்டி, பக்கம் பக்கமாகச் சேர்த்துப் பற்றவைத்தார். பல டிரான்சிஸ்டர்கள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்தால் வேலை கூடும், சீறல் அந்த அளவுக்கு ஏறாது. சீறல் குறைய முன்வரிசை ரெசிஸ்டர்களைச் சிறிய மதிப்பில் வைத்தார். தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து உச்ச ஒலியைக் கூட்டியிருப்பார்கள். அதைத் திருப்பிச் சரிசெய்யும் பகுதிக்குக் கண்டென்சர்களைத் தராசு போல ஒப்பிட்டுப் பொறுக்கினார். சுவரிலிருந்து ஒரு மின்கம்பி கூட வரவில்லை. எல்லாம் பேட்டரி.

கருவியின் கூடாகத் தோட்டா வைக்கும் பழைய இரும்புப் பெட்டி. கெவோர்க்கின் கொல்லையில் போர்க்காலத்திலிருந்து கிடந்தது.

"உள்ள இருந்ததெல்லாம் சத்தம் போட்டுட்டுப் போயிருச்சு," என்றார் கெவோர்க். "இனி அமைதியா இருக்கும்."

முதலில் அமைதியாக இல்லை. அடியில் ஒரு ரீங்காரம் இருந்தது. மூன்று முறை பிரித்துச் சேர்த்தார். எர்த் கம்பி இரண்டு இடத்தில் பெட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒன்றை வெட்டினார். ஹெட்போனை மாட்டிச் சத்தத்தைக் கடைசிவரை கூட்டினார். ஒன்றுமே இல்லை. பெட்டி செத்துவிட்டது என்று நினைத்தார். உள்ளீட்டுக் கம்பியை விரலால் தொட்டார். ஹெட்போன் அலறியது. காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த மாதத்து முதல் சனிக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். தட்டைச் சுற்றும் மோட்டாரையும் ஒலிபெருக்கியையும் கூடப் பேட்டரியில் இணைத்தார்.

"அரசாங்க கரண்டு வரும்வரைக்கும் இரு," என்றார். "ஜெனரேட்டரை நிறுத்தி மாத்துற கொஞ்ச நேரம் எல்லாம் அடங்கியிருக்கும், அப்ப போடுவோம். இல்லைன்னா ஜெனரேட்டர் சத்தம், ஃப்ரிட்ஜ் சத்தம்னு சாக்கு சொல்லுவ."

காத்திருந்தார்கள். ரயீஃப் முகம் மழித்து வாசனை போட்டிருந்தார். கெவோர்க் விதையைத் தொடவில்லை. சாயங்காலத் தொழுகை அழைப்பு முடிந்து சற்று நேரத்தில் விளக்குகள் அணைந்தன. கீழே ஜெனரேட்டர் இருமி நின்றது. ஃப்ரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் நின்றன. தெருவே வாயடைத்துப் போனது.

ரயீஃப் ஊசியை இறக்கினார். விரலைத் தூக்கினார்.

அரக்கில் ஊசி நடக்கும் மெல்லிய உரசல் மட்டும் கேட்டது. ஏற்றமில்லை, இறக்கமில்லை. வஜ்தி ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ரயீஃபின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கிய விரல் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மடங்கியது.

அப்போது ஒரு குரல் கேட்டது. பாட்டு அல்ல. மைக்கிலிருந்து தள்ளி, தாழ்வாக, பழைய பெட்டியின் இரைச்சலுக்கு அடியில் இத்தனை நாள் அமுங்கிக் கிடந்தது.

"அண்ணன் போயிட்டானா?"

ஓர் ஆண் குரல். "வெளியில நிக்கிறாரும்மா. தட்டு ஓட ஆரம்பிச்சிருச்சு."

"கதவைச் சாத்துங்க. அவன் பாத்தா எனக்குத் தொண்டை அடைக்குது. இந்த ஒண்ணைப் பாடிட்டா அப்புறம் பாடச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கான்."

கதவு சாத்தும் சத்தம். பாட்டு தொடங்கியது.

யாரும் அசையவில்லை. பாட்டு முழுக்க ஓடியது. நடுவில் மின்சாரம் வந்து விளக்கு எரிந்தது. வஜ்தியின் கை முழங்காலில் கிடந்தது.

"ஏதோ விளையாட்டாப் பேசியிருக்கா," என்றார் கெவோர்க். "சின்னப் பொண்ணுதானே."

ரயீஃப் ஊசியைத் தூக்கினார். கொஞ்ச நேரம் தட்டு சுற்றுவதைப் பார்த்தார்.

"மச்சான்," என்றார், "பிரமாதமா கட்டியிருக்க."

வஜ்தி எழப் போனார்.

"உக்காரு. இன்னொரு வாட்டி கேப்போம்."

"ஒரு வாட்டிதானே போடுவ?"

"இது புதுசாச்சே. நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. நீயும் கேட்டதில்ல."

ஊசியை மறுபடி தொடக்கத்தில் வைத்தார். இப்போது ஒவ்வொரு சொல்லும் இன்னும் தெளிவாக இருந்தது. கதவு சாத்தியதும் ஊசியைத் தூக்கிவிட்டார்.

"பாட்டு?" என்றார் வஜ்தி.

"பாட்டு தேஞ்சிடும் மச்சான். நீதானே சொன்ன?"

கெவோர்க் கிளம்பும்போது வாசலில் நின்று ரயீஃபிடம் மெதுவாகக் கேட்டார். "ஐயா, அப்ப அந்த மூச்சு?"

"எந்த மூச்சு?" என்றார் ரயீஃப்.

பிறகு வாராவாரம் போட்டார். கீழ்வீட்டுக்காரர் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், வஜ்தியின் பழைய ரேடியோ நிலைய சகா ஒருவர்கூட வந்தார். ரயீஃப் எல்லோருக்கும் காபி ஊற்றி, பெட்டியைக் காட்டுவார்.

"என் மச்சான் கட்டினது. தங்கச்சி குரலைக் கேக்கணும்னு கோடை பூரா உழைச்சான். கேளுங்க."

"அண்ணன் போயிட்டானா?" என்பாள் ஹயாம்.

கதவு சாத்தப்படும். ஊசி தூக்கப்படும். விருந்தாளிகள் வஜ்தியைப் பார்க்காமல் இருக்கப் பார்ப்பார்கள்.

ஒரு சனிக்கிழமை மற்றவர்கள் போகும்வரை வஜ்தி காத்திருந்தார்.

"மாப்ள, ஒரே ஒரு நகல் எடுத்துக்கிறேன். பாட்டை மட்டும்."

"அவ ஒருத்திதான். ரெண்டாவது எதுக்கு?"

"இல்லைன்னா பாட்டை ஒரு தடவை போடு. பேச்சை விட்டுட்டுப் போடு."

"பேச்சை விட்டா பாட்டு எதுக்குப் பாடினான்னு உனக்கே மறந்துபோயிடும்."

"உன் பழைய பெட்டியைச் சரிபண்ணித் தரேன். அந்த இரைச்சலையே திரும்பக் கொண்டு வரேன். அதே மாதிரி. மூச்சு கேக்கும்."

ரயீஃப் காபிக் கோப்பைகளைத் தாம்பாளத்தில் அடுக்கினார்.

"அதைக் கெவோர்க்கிட்ட அன்னிக்கே குடுத்துட்டேன். பிரிச்சு வித்துட்டான்."

வஜ்தி நின்றுகொண்டே இருந்தார். அவர் வீட்டில் தங்கையின் நிழற்படங்கள் இருந்தன. குரல் இந்த அறையில் மட்டும்தான் இருந்தது.

"பேட்டரி இறங்கிப்போச்சு," என்றார் ரயீஃப். "எங்க ஜெனரேட்டர்ல சார்ஜ் சரியா ஏற மாட்டேங்குது. உன் வீட்டுல சோலார் இருக்கே."

பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றி இரண்டு பேட்டரிகளையும் மேஜைமேல் வைத்தார்.

"சார்ஜ் போட்டு எடுத்துட்டு வா மச்சான். அடுத்த சனிக்கிழமை சீக்கிரம் வா. என் தங்கச்சி குடும்பம் வருது."

வஜ்தி பேட்டரிகளைப் பையில் போட்டுக்கொண்டார். லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, பேட்டரிகளைப் பெட்டிக்குள் வைத்துத் திருகினார்.