அடித்து எழுதிய முதல் பக்கம்

கொரியாவில், தேஜோன் நகர ஆய்வகம் ஒன்றில் மூன்று வருடம் எலிகளுக்கு ஒரு மருந்து கொடுத்துப் பார்த்தேன். மறதி குறையும் என்பது என் கருதுகோள். கூடித் தொலைத்தது.

பேராசிரியர் பேக் அலட்டிக்கொள்ளவே இல்லை. "மூஞ்சிய ஏம்மா தூக்கி வெச்சிருக்க, ஹே-ரின்? மறதி கூடும்னுதான் ஆரம்பத்துலயே நெனச்சோம்னு எழுதிடு. சாயங்காலம் எல்லாருக்கும் பன்றிக்கறியும் சோஜு சாராயமும்."

"அப்போ நாம தோக்கவே மாட்டோமா சார்?"

"இந்த லேப்ல யாரும் தோத்ததில்லம்மா."

எரிச்சலோடு போய், சீனியர் சொக்ஜுவின் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். இதே மருந்து மறதியைக் குறைக்கும் என்ற அவர் கட்டுரையை நம்பித்தான் நான் தொடங்கியிருந்தேன். முதல் பக்கத்தில், கருதுகோள் என்ற இடத்தில், "கூடும்" என்பதை அடித்துவிட்டு வேறு மையில் "குறையும்" என்று எழுதியிருந்தார்.

என் குறிப்பேட்டைத் திறந்து "குறையும்" என்பதை அடித்தேன். அடுத்து வருபவள் என்னை நம்பித் தொடங்குவாள்.